டாக்டர் சொன்ன காத்து

எங்கள் நாய்க்குக் காத்து பிடித்திருக்கிறது என்று ஒரு கால்நடை டாக்டரே சொல்லிவிட்டதாக நான் கிட்டத்தட்ட ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் பேய் என்று நேராகச் சொல்வதில்லை. சொன்னால் அதன் காதில் விழுந்துவிடும் என்று பயம். 'காத்து பட்டுடுச்சி', 'காத்து சேட்டை' என்று கொஞ்சம் மரியாதையாகச் சொல்வோம். தெருவில் போகிற யாராவது சொல்லி நம்பியிருந்தால் மன்னித்துவிடலாம். நான் நம்பியது படித்துப் பட்டம் வாங்கி, அதைச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருக்கும் ஒரு டாக்டரம்மாவை. படித்தவர்களே ஒத்துக்கொண்ட பிறகு, திண்டிவனத்தில் மோட்டார் பம்ப் விற்கிற நான் யார் மறுப்பதற்கு?

நாய்க்கு ஒரு பெயர் உண்டு. சென்னைக்கு வேலைக்குப் போகும் முன் மகள் வைத்துவிட்டுப் போனது. அந்தப் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டு அது ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆகவே இங்கே எழுதிப் பிரயோஜனம் இல்லை. நாட்டு நாய், பொட்டை, செம்மண் நிறம். என் மனைவி கூப்பிட்டால் வரும். என் மனைவி கூப்பிட்டால் நானும் வருவேன் என்பதால் அதில் எனக்கு வருத்தமில்லை.

விழுப்புரத்தில் நாங்கள் இருக்கும் தெரு சுடுகாட்டுக்குப் போகிற தெரு. வீடு பார்க்க வந்த அன்றைக்குத் தரகர், "ரொம்ப அமைதியான தெருங்க" என்றார். தூக்கிக்கொண்டு போகப்படுகிறவரைப் பொறுத்தவரை அது உண்மை. மற்றவர்கள் யாரும் அமைதியாகப் போவதில்லை. முன்னால் மேளம், நடுவில் சரவெடி, திருப்பத்தில் அணுகுண்டு. எங்கள் ஊரில் ஒருவருக்கு எவ்வளவு மரியாதை இருந்தது என்பதைத் தெருவில் கிடக்கும் பட்டாசுக் காகிதத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

தை மாதம் வரைக்கும் எங்கள் நாய் இதையெல்லாம் கண்டுகொண்டதில்லை. வெடி வெடித்தால் எழுந்து இடம் மாறிப் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அப்புறம்தான் தலையை ஆட்ட ஆரம்பித்தது. சும்மா இல்லை. காதுகள் இரண்டும் கன்னத்தில் படபடவென்று அடிக்கிற மாதிரி. ஆட்டி முடித்ததும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கும். யாரோ அதனிடம் மெல்லிய குரலில் பேசுகிறார்கள், இது கேட்டுக்கொண்டிருக்கிறது என்கிற மாதிரி இருக்கும். மோட்டார்க்காரன் புத்திக்கு முதலில் பேரிங் போய்விட்டது என்றுதான் தோன்றியது. நாய்க்குப் பேரிங் எங்கே இருக்கிறது என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

பிறகு நடுக்கம். கட்டிலுக்கு அடியில் புகுந்து மூச்சிரைக்கும். முன்னங்காலைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கும். கூடத்திலேயே மூத்திரம். கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒரு சாவு போகும். நாலைந்து தடவை இப்படி ஆனதும் எனக்குப் புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். இதற்குச் சாவு முன்கூட்டியே தெரிகிறது. நாய்க்கு வெடிச்சத்தம் நாலு தெரு தள்ளி வரும்போதே கேட்கும் என்கிற சாதாரண விஷயம் என் மண்டையில் ஏறவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அது நடுங்கியது. தெருவில் ஒரு சாவும் போகவில்லை. அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு போய் ஈசிஜி எடுத்துக்கொண்டு வந்தேன்.

"நாய் நடுங்குதுன்னா நீங்க ஏங்க ஈசிஜி எடுக்கறீங்க?" என்றாள் மனைவி.

"ஒரு முன்ஜாக்கிரதைதான்."

"அப்ப அதுக்கு?"

அதற்கு என்ன செய்வது? விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவருடைய உதவியாளர் நாயின் தலையைத் தொட்டதும் அவர் பேன்ட்டில் ஒரு கால் அரைக்காலாகிவிட்டது. டாக்டர் பரிசோதிக்கும் முன்பே நாங்கள் தெருவில் இருந்தோம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போவதற்கு எனக்குக் கூச்சம். நாய்க்கு அப்படி ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

மனைவிதான் ஒரு முடிவுக்கு வந்தாள். அவளுடைய தங்கைக்குப் பனமலையில் கொல்லை நிலம் இருக்கிறது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருக்கிறார்கள், காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று தங்கை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அங்க வெடியும் இல்ல, மேளமும் இல்ல. கொண்டுபோய் வுட்டுடலாங்க."

"நம்ம நாயைக் குடுத்துடறதா?"

"எனக்கு மட்டும் ஆசையா? அது படற பாட்ட பாக்க முடியல. நீங்க கடைக்குப் போயிடறீங்க. பகலெல்லாம் அதும்கூட நானும் கட்டிலுக்கு அடியிலயா பூந்துக்கறது?"

கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபத்துக்கு வேலை அதிகம். தெருவில் செத்துப்போகிறவர்கள் மேலெல்லாம் வந்தது.

எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் எப்போதோ என்னிடம் மோட்டார் வாங்கியவர்கள்தான். திண்டிவனத்தில் நாய், பூனை பார்க்கிற டாக்டரம்மாவும் அப்படித்தான். அவர் நம்பருக்கு, நாய் தலை ஆட்டுவதை வீடியோ எடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை நான் பஸ்ஸில் கடைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவரே கூப்பிட்டார். கூட்டேரிப்பட்டில் ஏறிய கூட்டம், பின்னால் ஒரு லாரியின் ஹாரன், கண்டக்டர் விசில். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு மறு காதில் போனை அழுத்திக் கேட்டேன்.

"வீடியோ பாத்தேன் சார். காத்துதாங்க. சந்தேகமே இல்ல" என்றார். அப்படித்தான் கேட்டது.

என் முதுகில் சில்லென்று ஆனது. "நிச்சயமா தெரியுமாங்க டாக்டர்?"

"தலைய ஆட்டறதப் பாத்தாலே தெரியுதே. ரொம்ப நாளா உள்ளயே இருந்துருக்குது. ஏரி, குளம்னு எங்கயாவது வுட்டீங்களா?"

விட்டிருந்தோம். தை மாதம், மல்லாட்டைக்குக் களை வெட்டுகிற சமயம், பனமலைக்குப் போயிருந்தோம். ஏரி நிறையத் தண்ணீர். நாய் பகல் முழுக்க நீந்தியது. அதுவும் உச்சிவேளையில். உச்சிவேளையில் ஏரிப்பக்கம் போகக்கூடாது என்று சின்ன வயதில் கேட்டதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. டாக்டரம்மாவுக்கு இது எப்படித் தெரிந்தது? படிப்பு என்றால் படிப்பு.

"ஏரியிலதாங்க பட்டுருக்குது" என்றேன், குரலைத் தாழ்த்தி. பக்கத்தில் நின்ற ஆள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நெனைச்சேன். நீங்களா எதுவும் பண்ணாதீங்க. கூட்டிக்கினு வாங்க, எடுத்துடலாம்."

காத்தை எடுப்பது என்றுதான் எங்கள் ஊரிலும் சொல்வார்கள். எனக்கு அப்போது இருந்த ஒரே யோசனை, இதற்குத் திண்டிவனம் வரை ஏன் போகவேண்டும் என்பதுதான். எடுக்கிறவர் விழுப்புரத்திலேயே இருக்கிறார். அவரும் என்னிடம் மோட்டார் வாங்கியவர்.

ஆட்டோ பிடித்து நாயைக் கூட்டிக்கொண்டு போனேன். வேப்பிலைக் கட்டு, விபூதித் தட்டு எல்லாம் சரியாக இருந்தது. நாயைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"மனுசங்களுக்குத்தாங்க நான் பண்றது. நாய்க்கெல்லாம் டாக்டர்கிட்ட காட்டுங்க சார்."

"டாக்டர்தாங்க சொன்னாங்க."

"என்னன்னு?"

"காத்துதான், சந்தேகமே இல்ல, எடுத்துடணும்னு."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "டாக்டரேவா சொன்னாங்க?"

"திண்டிவனத்து டாக்டருங்க. போன்லயே கண்டுபிடிச்சிட்டாங்க."

அவர் உள்ளே திரும்பித் தன் வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "கேட்டுக்கினியா? டாக்டருங்களே இப்ப நம்மகிட்ட அனுப்பறாங்க" என்றார். அந்தச் சந்தோஷத்தில் தட்சிணைகூட வேண்டாம் என்றார். வேப்பிலையை எடுத்து நாயின் தலையில் ஒரு தட்டு தட்டினார். மெதுவாகத்தான் தட்டினார். நாய் போட்ட ஓலத்தில் ஆட்டோக்காரர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். "கத்துது பாருங்க, போவுது" என்று இன்னொரு தட்டு. அது என்னை இழுத்துக்கொண்டு ஓடி, ஆட்டோ சீட்டுக்கு அடியில் புகுந்து, வீடு வருகிற வரைக்கும் நடுங்கிக்கொண்டே வந்தது. அதன் கழுத்தில் அவர் மந்திரித்துக் கட்டிய ஒரு கறுப்புக் கயிறு இருந்தது. போகிறது போகும்போது அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

எதுவும் போகவில்லை. தலை ஆட்டுவது இன்னும் கூடியது. சோற்றை வாயில் எடுத்துக் கீழே போட்டது. மனைவி கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வேப்பிலைச் செய்தியைக் கேட்டாள்.

"அவரு உங்கள நாலு அடி அடிச்சிருந்தா புண்ணியமா போயிருக்கும். ஞாயித்துக்கிழம பனமலைக்குப் போறோம். தங்கச்சிக்கு போன் பண்ணிட்டேன்."

சனிக்கிழமை கடைக்கு மோட்டார் ஏற்றிப்போகும் குட்டி யானை வண்டியில் நாயையும் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போனேன். டாக்டரம்மா மேஜை மேல் ஏற்றச் சொல்லி, முதலில் வாயைக் கட்டினார். நான் நடந்ததை முறையாகத் தெரிவித்தேன்.

"எடுத்தாச்சுங்க டாக்டர். ஆனா இன்னும் போவல."

"எடுத்தாச்சா? நான்தான் எதுவும் பண்ணாதீங்கன்னு சொன்னேனே. யாரு எடுத்தது?"

"வேப்பிலை அடிக்கிறவருங்க."

ஒரு கையில் பாதி மாட்டிய கையுறையோடு அவர் அப்படியே நின்றார். "சார், நான் போன்ல என்ன சொன்னேன்?"

"காத்துன்னு சொன்னீங்க. ரொம்ப நாளா உள்ள இருக்குதுன்னீங்க. ஏரியான்னு நீங்கதான் கேட்டீங்க."

அவர் கையுறையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பிறகு தன் காது மடலை இரண்டு விரலால் பிடித்து, பள்ளிக்கூடத்தில் காட்டுவதுபோல எனக்குக் காட்டினார்.

"இது என்ன சார்?"

"காதுங்க."

"அதத்தான் சொன்னேன்."

ஒரே ஒரு 'த்'. கூட்டேரிப்பட்டு லாரிக்காரன் ஹாரனில் சேர்த்துக் கொடுத்த 'த்'. அதற்குப் போய் வாயில்லாத ஒரு ஜீவனை, வலிக்கிற காதின் மேலேயே வேப்பிலையால் அடிக்க வைத்திருக்கிறேன். எங்கேயாவது ஓடிப்போகலாம் என்றால் நாயின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது.

சின்ன விளக்கு வைத்த குழலை இடது காதுக்குள் விட்டுப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சிவந்து வீங்கி, பழுப்பாக ஒரு குழம்பு. நாற்றம் எனக்கே அடித்தது. ஒரு மாதமாக அதே வீட்டில் இருந்த என் மூக்குக்கு அது ஏன் முன்பே எட்டவில்லை என்பதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் டாக்டரம்மா மூக்கையும் பிடித்துக் காட்டுவார்.

"ஏரித் தண்ணி உள்ள தங்கிடுச்சி, ஈரத்துல கிருமி வந்து சீழ் வெச்சிடுச்சி. இந்த வலியோட வெடிச்சத்தம் கேட்டா எப்படி இருக்கும்? ஒவ்வொரு வெடிக்கும் தலை வலிச்சிருக்கும். இப்ப சத்தம்னாலே வலின்னு அது முடிவு பண்ணிடுச்சி. காது ஆறிடும் சார். பயம் அவ்ளோ ஜல்தியா ஆறாது. ரெண்டுத்தையும் தனித்தனியா பாக்கணும்." கிளம்பும்போது, "உங்க காதையும் ஒருதரம் காட்டிக்குங்க" என்றார். சிரிக்காமல் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஏரிப்பக்கமே விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை, ஏதோ நானே கண்டுபிடித்தது போல மனைவியிடம் அறிவித்தேன். பனமலையில் விட்டால் அது முதல் வேலையாக ஏரியில்தான் குதிக்கும். அவள் யோசித்தாள்.

"சரி, பனமலை வேணாம். ஆனா காது சரியாகியும் இதே மாரி நடுங்கிக்கினே இருந்துதுன்னா, ஏரி இல்லாத ஊருல எனக்கு யாரு இருக்காங்கன்னு பாப்பேன்."

அப்புறம் தொடங்கியது பேஜாரு. காலையும் மாலையும் காதில் சொட்டு மருந்து விட்டு, காதின் அடியைப் பிசைந்துவிடவேண்டும். டாக்டரம்மா செய்தபோது அரை நிமிஷ வேலை. நான் மருந்துப் புட்டியின் மூடியைத் திருகினாலே, நாய் அடுத்த அறையிலிருந்து அதற்கடுத்த அறைக்குப் போய்விடும். பிடித்து மடியில் வைத்தால் சரியான நொடியில் தலையை ஆட்டும். அந்த மருந்தில் பாதி என் சட்டைக்குத்தான் குணம் தந்தது. மாத்திரையை இட்லிக்குள் வைத்தால் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைச் சுத்தமாக நக்கி, என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடும். சொறியாமல் இருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பு மாட்டினோம். அதோடு கதவு, நாற்காலி, என் முழங்கால் என்று ஒன்றுவிடாமல் இடித்தது.

இது காதுக்கு. பயத்துக்குத் தனிப் பாடத்திட்டம். வெடிச்சத்தத்தைப் போனில் மிகவும் சன்னமாக வைத்து, கூடவே அவித்த கறித்துண்டு கொடுக்கவேண்டும். நாளாக நாளாகச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும். நாள் தவறாமல் செய்தேன். ஒருநாள் மாலை, கை தவறி சத்தம் முழுசாக ஏறிவிட்டது. நாய் கட்டிலுக்கு அடியில் போனது. எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து, "யாருங்க வீட்ல?" என்று கவலையோடு கேட்டார். யாரும் சாகவில்லை, எங்கள் வீட்டுப் போன்தான் என்றேன். அவர் அதை நம்பவில்லை.

பயத்தைத் தணிக்க ஒரு மாத்திரையும் இருந்தது. சத்தம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுக்கவேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றுதான். தீபாவளி என்றால் காலண்டரில் போட்டிருக்கிறது. சாவுக்கு என்ன செய்வது? தெருப்பக்கம் எங்கே ஒரு சாவு என்று கேள்விப்பட்டாலும், மாலையை வாங்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றேன். கும்பிட்டுவிட்டு, வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?" என்பேன். எங்கள் ஊரில் அது அன்போடு கேட்கிற கேள்வி. என் மரியாதை தெருவில் மளமளவென்று ஏறியது. "அவரு மாரி ஆளு கெடைக்காது" என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் மூன்று மணி என்றவர்கள் யாரும் மூன்று மணிக்கு எடுக்கவில்லை. பெங்களூரிலிருந்து மகன் வரவேண்டும், சம்பந்தி வந்துகொண்டிருக்கிறார், பூ வரவில்லை. செத்தவர் ஒருவர்தான் நேரத்துக்குத் தயாராக இருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, துக்கத்தை அடக்குகிறார் என்று ஒருவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

மாசி மாதக் கடைசியில் தெரு முனை ரைஸ் மில்காரர் போனார். பெரிய மனிதர். வெடி ஒரு வேனில் வந்து இறங்கியது. மூன்று மணிக்கு எடுக்கிறோம் என்றார்கள். நான் இரண்டு மணிக்கு மாத்திரை கொடுத்தேன். மூன்று மணிக்கு நாய் சொக்கித் தூங்கியது. நான்கானது, ஐந்தானது. மருமகன் வண்டி உளுந்தூர்பேட்டையில் பஞ்சர். ஐந்தரைக்கு நாய் எழுந்து உடம்பை உதறியது. ஆறுக்கு மேளம் தொடங்கியது. டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன்.

"இன்னொண்ணு குடுக்கவே குடுக்காதீங்க. உள்ளாற ஒரு ரூமா பாத்துக் கூடவே ஒக்காருங்க. வேற ஏதாச்சும் ஒரே மாரி சத்தம் ஓடட்டும்."

எங்கள் வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் பாத்ரூம்தான். நாயைத் தூக்கிக்கொண்டு போய், கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்தேன். கதவுக்கு வெளியே மனைவி கிரைண்டரை இழுத்துவந்து, கைக்குக் கிடைத்த உளுந்தைத் தண்ணீரோடு போட்டு ஓடவிட்டாள். நல்ல ஏற்பாடு. வெளியே ஒரு சரம் வெடித்தது. கிரைண்டர் அதைப் பாதி முழுங்கியது. நாய் என் தொடையில் நகத்தைப் பதித்துக்கொண்டு நடுங்கினாலும் சமாளித்தது.

கரண்டு போனது. பூப்பல்லக்கு உயரமாம், கம்பியில் படும் என்று தெருவுக்கே லைனை நிறுத்திவிட்டார்கள். இருட்டில் கிரைண்டர் மெல்ல நின்றது. அணுகுண்டு ஒன்று சுவரையே அசைத்தது. நாய் மூச்சிரைத்துக்கொண்டு கதவைப் பிறாண்டியது. "ஐயோ" என்றேன், நாய்க்காகவா எனக்காகவா என்று தெரியாமல்.

கதவுக்கு வெளியே மனைவியின் குரல் கேட்டது.

"எத்தனை தடவை சொன்னேன் இந்தத் தெரு வேணான்னு? கேட்டீங்களா?"

"இப்பவா?"

"இப்பதான். வாடகை கம்மி, வாடகை கம்மின்னு நீங்கதான் குதிச்சீங்க. அந்தக் கரண்ட் மோட்டார இன்னும் சரி பண்ணல. ஊருக்கெல்லாம் மோட்டார் விக்கறீங்க, நம்ம தொட்டிக்கு நான் பைப்புல புடிச்சிக்கினு இருக்கறேன்..."

சத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து வரிசையாக வந்தது. வெளியே அடுத்த அணுகுண்டு வெடித்தது. நாயை அது உலுக்கிப்போட்டது; ஆனால் நாய் கதவைப் பிறாண்டவில்லை. அது வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டு தூங்கிய சத்தம் அவள் குரல். கொஞ்ச நேரத்தில் கூம்போடு சேர்த்துத் தலையை என் காலில் வைத்தது. எனக்குப் புரிந்துபோனது. அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோதெல்லாம், "அப்புறம் உன் தம்பி கல்யாணத்துல?" என்று நானே எடுத்துக்கொடுத்தேன். பல்லக்கு தெருவைத் தாண்டுகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஓயவில்லை. கரண்டு வந்ததும் கிரைண்டர் தானாக ஓட, அவள் பேச்சை நிறுத்தினாள்.

பங்குனியில் டாக்டரம்மா மறுபடி காதைப் பார்த்தார். ஏரித் தண்ணீர் தங்கிச் சீழ் வைத்திருந்த இடது காது ஆறிவிட்டது. மருந்தை நிறுத்தச் சொன்னார். அணுகுண்டுக்கு இன்னும் நடுங்குகிறது. மேளம் கேட்டதும் தானாகவே பாத்ரூமுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஏரி இல்லாத ஊரைப் பற்றி மனைவி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை; யாரிடமும் அதைக் கொண்டுபோய் விடவில்லை.